எச்.இ.பி.யை விட்டு நியூஜெர்சிக்கு வந்துவிட்டோம்: கடைகளின் சொந்தப் பிராண்டில் எதை நம்பி வாங்கலாம்?

உறைமோர்:

வணக்கம். சான் ஆன்டோனியோவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, வீட்டுக்காரரின் வேலை மாறியதால் போன மாதம் எடிசனுக்குக் குடிவந்தோம். பருப்பு, அரிசி, புளி பற்றிக் கவலை இல்லை, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. என் கேள்வி பால், தயிர், வெண்ணெய், உறைய வைத்த பட்டாணி, டப்பாக் கொண்டைக்கடலை இவற்றைப் பற்றி.

அங்கே யோசிக்கவே தேவைப்படவில்லை. எச்.இ.பி. என்ற டெக்சஸ் மளிகைக் கடை மேல் எனக்கு உண்மையாகவே பாசம் உண்டு. 1905-ல் கெர்வில் என்ற ஊரில் ஃப்ளோரன்ஸ் பட் என்ற அம்மா 60 டாலர் முதல் போட்டு, வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆரம்பித்த மளிகை அது. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பாலுக்கும் ரொட்டிக்கும் சொந்த ஆலை வைத்திருக்கிறார்கள். விலை குறைவாக வேண்டுமென்றால் ஹில் கன்ட்ரி ஃபேர் என்ற அவர்களுடைய பிராண்ட், இல்லையென்றால் கடையின் பெயரே போட்டது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

இங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொந்தப் பிராண்ட், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கடையின் பாலில் தயிருக்கு உறை ஊற்றினேன். காலையில் கரண்டி விட்டு எடுத்தால் நூல் நூலாக இழுக்கிறது. பெரியவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் வேறொரு கடையில் ஆர்கானிக் பால் வாங்கினேன், அது மோர் மாதிரி நீர்த்து நின்றது. அடுத்த மாதம் மாமியார் வருகிறார்கள், மூன்று வேளையும் தயிர் வேண்டும் அவர்களுக்கு. இங்கே வருடக்கணக்கில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

ராரிட்டன்கரை:

வாங்கம்மா, நல்வரவு. நான் இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. எல்லாக் கடையிலும் வாங்கிப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தயிர். நூலாக இழுத்ததற்குப் பாலைக் குறை சொல்ல முடியாது. உறைமோர் பழசாகியிருக்கும், அல்லது சூடு போதவில்லை. டெக்சஸில் சமையலறை மேடையில் வைத்தாலே தயிர் தோய்ந்துவிடும், இங்கே குளிர் மாதங்களில் தோயாது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற வைத்து, புது உறை ஊற்றி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வையுங்கள். ஆர்கானிக் பாலில் என்ன நடந்தது என்றால், அந்த டப்பாவில் ‘அல்ட்ரா பாஸ்சரைஸ்டு’ என்று இருந்திருக்கும். பல நாள் கெடாமல் இருக்க மிக அதிகச் சூட்டில் காய்ச்சிய பால் அது. என் கையில் அது ஒரு நாளும் கெட்டித் தயிராக வந்ததில்லை. வெறும் ‘பாஸ்சரைஸ்டு’ என்று போட்ட முழுக் கொழுப்புப் பாலாக எடுங்கள்.

இப்போது பிராண்ட். பால் கேனின் மேல்பக்கம், தேதி அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு இலக்கம், ஒரு கோடு, அப்புறம் இன்னும் சில இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் ஆலை இருக்கும் மாநிலம்: 34 நியூஜெர்சி, 36 நியூயார்க், 42 பென்சில்வேனியா. (உங்கள் டெக்சஸ் 48.) மீதி அந்த ஆலையின் எண். இணையத்தில் தட்டினால் ஆலையின் பெயரே வந்துவிடும். ஒரு நாள் விளம்பரத்தில் வரும் பெரிய பிராண்ட் கேனையும் கடைப் பிராண்ட் கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். அதற்குப் பிறகு பாலுக்குப் பெயர் பார்த்துக் காசு கொடுப்பதை விட்டுவிட்டேன்.

இங்குள்ள ஷாப்ரைட் மளிகைக் கடைகள் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அது எச்.இ.பி. மாதிரி ஒரே குடும்பத்தின் கடை இல்லை. 1946-ல் நியூவார்க் பக்கம் சில மளிகைக்காரர்கள் சேர்ந்து, மொத்தமாகக் கொள்முதல் செய்தால்தான் பெரிய கடைகளோடு போட்டி போட முடியும் என்று வேக்ஃபெர்ன் என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் ஷாப்ரைட் கடைகள் பெரும்பாலும் வேறு வேறு குடும்பங்களுடையவை. அதனால்தான் ஓர் ஊர் ஷாப்ரைட்டும் அடுத்த ஊர் ஷாப்ரைட்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சொந்தப் பிராண்ட் மட்டும் எல்லோருக்கும் பொது. 2019 கடைசியில் சாப்பாட்டுச் சாமானுக்கு பௌல் அண்ட் பாஸ்கெட், காகிதம், துப்புரவுச் சாமானுக்கு பேப்பர்பேர்ட் என்று கொண்டுவந்தார்கள். பட்டாணி, சோளம், டப்பாக் கொண்டைக்கடலை, தக்காளி எல்லாம் நான் பௌல் அண்ட் பாஸ்கெட்தான் வாங்குகிறேன். டப்பாச் சாமானை ஜனவரிக்குத் தள்ளிப் போடுங்கள். 1971 முதல் ஜனவரியில் ‘கேன் கேன்’ தள்ளுபடி நடத்துகிறார்கள். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே நிலவறையில் அடுக்கிவிடுவேன்.

வெண்ணெய்க்கு எந்தப் பிராண்டும் பரவாயில்லை. குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருந்தால்தான் இந்த நாட்டில் வெண்ணெய் என்று விற்கவே முடியும். நெய் காய்ச்ச உப்பில்லாததாக, உட்பொருளில் கிரீம் மட்டும் போட்டதாக எடுங்கள். ‘நேச்சுரல் ஃப்ளேவரிங்’ என்ற மணப்பொருள் சேர்த்ததும் உண்டு, அதில் காய்ச்சினால் நம்ம வீட்டு நெய் வாசனை எனக்கு வருவதில்லை. ஒரு பவுண்டு வெண்ணெயை மிதமான தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி, அடியில் கசடு செம்பு நிறமானதும் அடுப்பை அணைத்து இரண்டு கறிவேப்பிலை போடுங்கள். மலிவு வெண்ணெயா விலை உயர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அலமாரியில் விலைச் சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் பவுண்டுக்கு இவ்வளவு, குவார்ட்டுக்கு இவ்வளவு என்று இருக்கும். நியூஜெர்சியில் அதைப் போடுவது சட்டம். பெரிய விலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பெரிய பொட்டலம்தான் மலிவு என்று நினைத்துப் பல வருடம் ஏமாந்தேன்.

அப்புறம், வண்டியில் எப்போதும் துணிப்பை வையுங்கள். 2022 மே மாதத்திலிருந்து பெரிய மளிகைக் கடையில் பிளாஸ்டிக் பை மட்டுமில்லை, காகிதப் பையும் தரமாட்டார்கள்.

சைவச்சமையல்:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். மாமியார் சைவம் என்றால் ஒன்று சேர்க்கிறேன். கடைத் தயிர் வாங்கும்போது உட்பொருளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். ஒரு கடையின் தயிரை மூன்று மாதம் வாங்கினோம், பிறகுதான் அதில் ஜெலட்டின் (மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருப்பதைப் பார்த்தேன். என் அம்மாவுக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. பாலும் உறையும் மட்டும் போட்டது கிடைக்கும், பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் போட்டதும் சைவம்தான். சீஸ் என்றால் ‘மைக்ரோபியல்’ என்சைம் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்காமல் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது) என்று இருக்கிறதா பாருங்கள்.

வுட்பிரிட்ஜ் வெக்மன்ஸுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். எச்.இ.பி. மாதிரியே பழைய குடும்பக் கடை, 1916-ல் ராச்செஸ்டரில் ஆரம்பித்தது. அவர்களுடைய சொந்தச் சாமானில் ‘ஃபுட் யூ ஃபீல் குட் அபௌட்’ என்ற மஞ்சள் பட்டை இருந்தால், செயற்கை நிறம், மணம், பதப்படுத்தி எதுவும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு வாங்கும்போது அந்தப் பட்டை எனக்குப் பெரிய உதவி.

ஃப்ரிஸ்கோவாசி:

உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது. டல்லாஸ் பக்கம் நாங்கள் எச்.இ.பி.க்காக எத்தனையோ வருடம் காத்திருந்தோம். 2022 செப்டம்பரில் ஃப்ரிஸ்கோவில் திறந்தபோது நானும் வரிசையில் நின்றேன். நியூஜெர்சியில் ஆல்டி என்ற மளிகைக் கடையையும் பாருங்கள், அங்கே கிட்டத்தட்ட எல்லாமே சொந்தப் பிராண்ட்தான். தள்ளுவண்டிக்கு 25 சென்ட் காசு எடுத்துப் போங்கள், வண்டியைத் திருப்பி விட்டால் காசு திரும்பி வரும்.

உறைமோர்:

எல்லோருக்கும் நன்றி. ராரிட்டன்கரை அக்கா, நேற்று கடையில் நின்று கேன் கேனாகத் திருப்பிப் பார்த்தேன், 34 போட்ட பாஸ்சரைஸ்டு பால் எடுத்தேன். பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பத்தில் ஒரு கிண்ணம் புது உறை வாங்கி, நீங்கள் சொன்ன மாதிரி ஓவன் விளக்கில் வைத்தேன். இன்று காலை பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தேன், தயிர் அசையவில்லை. பெரியவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆர்கானிக் டப்பா குப்பையில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். அல்ட்ரா பாஸ்சரைஸ்டுதான்.