முடிக்கு மருந்து வரும் வரை காத்திருப்பதா, இப்போதே மாத்திரை தொடங்குவதா?

வேளச்சேரி27

வணக்கம். வயது 27. வேளச்சேரியில் வீடு, சிறுசேரியில் வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறேன். 21 வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்தது. இப்போது உச்சியிலும் தெரிகிறது. அப்பாவுக்கும் வழுக்கை, அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் வழுக்கை.

பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் தெருமுனை சலூனில்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். வெட்டி முடித்ததும் அண்ணன் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துத் தலைக்குப் பின்னால் பிடிப்பார். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. நான் தலையாட்டுவேன். கடைசி இரண்டு தடவையும் அவர் அந்தக் கண்ணாடியை எடுக்கவில்லை. கழுத்தில் பவுடர் போட்டு, துணியை உதறி, "சரிப்பா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனை மேலே தூக்கிப் பிடித்து உச்சந்தலையைப் படம் எடுத்துப் பார்த்தேன். சுழி இருந்த இடத்தில் ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது.

ஆறு வருடமாக நான் செய்ததெல்லாம் ஆராய்ச்சிச் செய்தி படித்ததுதான். இப்போது பிபி405 என்ற மருந்தின் மேல் கண் வைத்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் பெலாஜ் என்ற நிறுவனம் சோதித்துப் பார்க்கிறது. உறங்கிக் கிடக்கிற வேர்க்கால் மூலச்செல்லை (ஸ்டெம் செல்) எழுப்பிவிடும் களிம்பு. 2025-ல் வந்த முடிவில், கொட்டல் அதிகமாக இருந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு 8 வாரத்தில் முடி அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. மருந்தில்லாத களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கிடையில் தோல் டாக்டர் ஒருவர் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் மினாக்ஸிடில் லோஷனும் எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது, பீரோவில் துணிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. பக்கவிளைவு பயம் ஒன்று. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமே என்பது இன்னொன்று. நிஜமான மருந்து இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும் என்றால் நடுவில் இதை எதற்குத் தொடுவது என்றும் தோன்றுகிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். அம்மா அனுப்பிவைக்கிற போட்டோ மூன்று வருடத்துக்கு முந்தையது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

காத்திருப்பது சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஹெல்மெட், போர் தண்ணீர் காரணமா என்பதையும் சொன்னால் நல்லது.

மேற்கு மாம்பலம்

தம்பி, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நீ இப்போது நிற்கிற இடத்தில் நான் 1998-ல் நின்றேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என்னிடம் இரண்டு பேப்பர் கட்டிங் இருக்கிறது. எல்.ஐ.சி. பாலிசி வைத்திருக்கிற ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள். முதலாவது 1998 கடைசியில் வந்தது. சிகாகோவில் எலைன் ஃபூக்ஸ் என்ற அம்மையாரின் குழு, பீட்டா கேட்டெனின் என்ற புரதம் எலியின் தோலில் கூடுதலாக இருக்கும்படி செய்து, புதிதாக வேர்க்காலையே முளைக்க வைத்தார்கள். பிறந்த பிறகு உடம்பில் புது வேர்க்கால் உண்டாகாது என்று அதுவரை நினைத்திருந்ததை மாற்றிய ஆராய்ச்சி அது. இரண்டாவது 1999. இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கோலின் ஜஹோடா என்ற விஞ்ஞானி, தன் தலையில் இருந்து எடுத்த வேர்க்கால் செல்லைத் தன் மனைவியின் கையில் வைத்தார். அவரும் ஆராய்ச்சியாளர்தான். அந்தக் கையில் முடி முளைத்தது. ஒருவருடைய செல் இன்னொருவர் உடம்பில் ஒட்டிக்கொண்டதே என்று நான் அந்தச் செய்தியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போவேன். அடுத்த ஐந்து வருடத்தில் கடைக்கு வந்துவிடும் என்று நம்பினேன்.

பிறகுதான் தெரிந்தது, முதல் கட்டிங்கில் இருந்த அந்த எலிகளுக்கு வேர்க்காலில் கட்டி வந்தது என்று. 1998 செய்தியிலேயே அது ஒரு வரியாக இருந்தது. நான் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கிறேன்.

மினாக்ஸிடில் அப்போதே உண்டு. அமெரிக்காவில் 1988-லேயே அனுமதி கிடைத்த மருந்து. டாக்டர் சொல்லியும் நான் போடவில்லை. "இது நிறுத்தினால் போய்விடுமாம், நிரந்தரத் தீர்வு வரட்டும்" என்று நானே தள்ளிப்போட்டேன். 34 வயதில் காதோரமும் பின்மண்டையும் மட்டும் மிச்சம்.

அப்புறம் முடி நடுவதைப் பற்றி விசாரித்தேன். பின்மண்டை முடியை எடுத்து முன்னால் நட்டால், அது பின்மண்டையின் குணத்தையே வைத்துக்கொண்டு கொட்டாமல் வளரும். நியூயார்க்கில் ஆரென்ட்ரைக் என்ற டாக்டர் 1959-லேயே இதை எழுதிவிட்டார். ஆனால் எடுப்பதற்குப் பின்னால் இருப்பு வேண்டுமே. என் தலையைப் பார்த்த டாக்டர், முன்பக்கத்துக்கு மட்டும் மெல்லிசாக வரும், உச்சி காலியாகத்தான் இருக்கும் என்று நேர்மையாகச் சொன்னார். அந்த யோசனையில் இருந்தபோதுதான் 2016-ல் இதே ஊரில் முடி நட்டுக்கொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். 22 வயதுப் பிள்ளை. என் மனைவி அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இது வேண்டாங்க" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். நீ எப்போதாவது போவதாக இருந்தால், கத்தி பிடிக்கப் போகிறவர் யார், என்ன படித்தவர், மயக்க மருந்து யார் கொடுக்கிறார் என்று கேட்காமல் உட்காராதே.

இப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முடி இல்லாததால் என் வாழ்க்கையில் எதுவும் நிற்கவில்லை. ஆனால் கையில் இருந்த ஒன்பது பத்து வருடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டேனே என்பது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

அயனாவரம் மெடிக்கல்ஸ்

19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டால் இந்த வழுக்கை வராது. போர் தண்ணீரில் முடி சொரசொரப்பாகி நடுவில் உடையும், சிக்குப் பிடிக்கும், ஆனால் வேர்க்கால் சாகாது. பரம்பரையாக வருவது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறி, அதைத் தாங்காத வேர்க்கால் வருடா வருடம் சுருங்குவதால் வருவது.

நான் கண்ணால் பார்ப்பது வேறு ஒன்று. லோஷன் வாங்கிப் போகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இரண்டாவது பாட்டிலுக்கு வருவதே இல்லை. கேட்டால், போட்டதும் இன்னும் அதிகமாகக் கொட்டியது என்பார்கள். முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும், பழைய முடி விழுந்து புதுச் சுற்று தொடங்குகிறது. நாலு முதல் ஆறு மாதம் போட்டால்தான் தெரியும். தலையணையில் ஒட்டுகிற மாதிரி படுக்கப்போகும் முன் போடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் ரொம்பக் கவனம், மினாக்ஸிடில் பூனைக்கு விஷம்.

மாத்திரையைப் பொறுத்தவரை, பிராஸ்டேட் நோய்க்கு வருகிற 5 மில்லிகிராமை வாங்கி உடைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கல்யாணம் ஆகி மனைவி முழுகாமல் இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் பாதிக்கும். இதைச் சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் ரத்த தானம் செய்யவும் கூடாது.

பெரியக்கா பெரம்பூர்

காத்திருந்து பலன் கண்ட ஒரு வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 2009-ல் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவு புழுவெட்டு வந்தது. சின்ன வெங்காயம் தேய்த்தோம், வேப்பெண்ணெய் தேய்த்தோம், யார் என்ன சொன்னாலும் செய்தோம். இரண்டே வருடத்தில் தலை முழுக்கப் போய், புருவமும் போய்விட்டது. புருவம் போனால் முகமே மாறிவிடும், அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்குப் போவாள். மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வியர்வையில் ஒரு பக்கம் கரைந்துவிடும். கைப்பையில் எப்போதும் ஒரு குட்டிக் கண்ணாடி.

2014-ல் அமெரிக்காவில் மூட்டுவாத மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்கு, இதே நோயில் கொட்டிய முடி உடம்பு முழுக்கத் திரும்ப வந்ததாகச் செய்தி படித்தோம். ஜாக் என்ற நொதியைத் தடுக்கிற மாத்திரை வகை. 2022-ல் அதே வகையைச் சேர்ந்த பாரிசிடினிப் மாத்திரைக்கு, கடுமையான புழுவெட்டுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே டாக்டர் முதலில் டி.பி. இருக்கிறதா என்று பார்த்தார், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார், அப்புறம்தான் தொடங்கினார். நான்காவது மாதம் ஒரு நாள் காலையில், "அக்கா, இங்கே தொட்டுப் பாரு" என்று என் விரலைப் பிடித்துத் தன் புருவத்தில் வைத்தாள். மணல் மாதிரி நெருடியது.

ஆனால் தம்பி, இதை உன் விஷயத்தோடு சேர்க்காதே. புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குகிறது. வேர்க்கால் சாவதில்லை, உறங்குகிறது. அதனால்தான் 13 வருடம் கழித்தும் திரும்பி வந்தது. உன்னுடையது சுருங்குகிற வகை என்று இங்கே சொல்லிவிட்டார்கள். அவள் காத்திருந்ததில் ஒன்றும் இழக்கவில்லை. நீ ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இழக்கிறாய்.

அந்தப் பழைய போட்டோவை அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் நீயே சொல்.

திசு வளர்ப்பு

செல் வளர்ப்புக் கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. முடிச் செல் என் வேலை இல்லை, ஆனாலும் ஏன் எப்போதுமே "இன்னும் ஐந்து வருடம்" என்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

மாம்பலம் சார் சொன்ன 1999 சோதனையில், எடுத்த செல்லை நேரே வைத்தார்கள். வழுக்கைக்கு மருந்தாக வேண்டுமென்றால் கொஞ்சம் செல்லை எடுத்து லட்சக்கணக்காகப் பெருக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டது. வேரடிச் செல்லைத் தட்டையான தட்டில் வளர்த்தால் சில தலைமுறையிலேயே முடி முளைக்க வைக்கும் குணத்தை மறந்துவிடும். 2013-ல் அதே ஜஹோடாவும் நியூயார்க்கின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் தட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். மூடியின் அடியில் ஒவ்வொரு துளியாகத் தொங்கும், செல்கள் துளியின் நுனியில் கூடி உருண்டையாகத் திரளும். அப்படித் திரண்டதும் மறந்ததில் ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. எலியின் மேல் ஒட்டிய மனிதத் தோலில் வைத்தபோது ஏழில் ஐந்தில் முடி வந்தது. நானும் வேறு செல்லைத் தொங்கும் துளியில் வளர்த்திருக்கிறேன். தட்டைத் திருப்புகிற அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், கை கொஞ்சம் நடுங்கினாலும் துளி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இதைத் தலை முழுக்க, ஒரே திசையில் சாய்ந்த, சரியான நிறமுள்ள முடியாக வளர வைப்பது எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணம், எலிக்கு நம்மைப் போல வழுக்கை விழுவதில்லை. கடைசியில் மனிதரிடம்தான் பார்க்க வேண்டும். முடியோ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒவ்வொரு கட்டச் சோதனைக்கும் வருடக்கணக்காகிறது, அதை அவசரப்படுத்த முடியாது.

பிபி405 எனக்கும் நம்பிக்கை தருகிறது. அந்தச் சோதனையில் இருந்தது 78 பேர்தான், பெரிய சோதனை இன்னும் முடியவில்லை. அது எழுப்புவது இருக்கிற மூலச்செல்லை. எழுப்புவதற்கு அங்கே வேர்க்கால் மிச்சம் இருந்தால் நல்லதுதானே?

ஃபினாஸ்டரைடு பயத்தைப் பற்றி: 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைப்பதற்கு முந்தைய சோதனைகளில், பாலுறவு சம்பந்தமான பக்கவிளைவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதி செய்தது. முன்பு எப்போதாவது மனச்சோர்வு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு மனசு சரியில்லை என்று தோன்றினால் நிறுத்திவிட்டு உடனே போய்ப் பாருங்கள். மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் லோஷனை மட்டும் தொடங்க முடியும். இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வேளச்சேரி27

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் தங்கையின் புருவத்தைப் பற்றிப் படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு லோஷன் பாட்டிலைத் திறந்தேன். மாத்திரையை இன்னும் தொடவில்லை. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறேன். காலேஜ் கடைசி வருடத்தில் ஆறு மாதம் மனசு சரியில்லாமல் இருந்தது, போன தடவை அதை அவரிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்கிறேன். அம்மாவிடம் போட்டோவைப் பற்றியும் பேசிவிட்டேன். கோபப்படவில்லை, "ஞாயிற்றுக்கிழமை சட்டை அயர்ன் பண்ணி வை, புதுசா எடுத்துடலாம்" என்றார்.

திசு வளர்ப்பு, ஒரே ஒரு கேள்வி. இந்த மருந்துகளைப் போட்டுக்கொண்டே நாளைக்குப் புது மருந்துச் சோதனையில் சேர முடியுமா?

திசு வளர்ப்பு

பெரும்பாலான சோதனைகளில் ஃபினாஸ்டரைடு, மினாக்ஸிடில் இரண்டையும் சில மாதம் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். எத்தனை மாதம் என்பது சோதனைக்குச் சோதனை மாறும். இந்தியாவில் நடக்கிற சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சேரச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லோஷன் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். இன்றைக்கே உச்சந்தலையை ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை, அதே விளக்குக்கு அடியில், தலை காய்ந்திருக்கும்போது.