சென்னையிலேர்ந்து சைக்கிள் டூர்: ராத்திரி தங்க ஒன்றரைக் கிலோவுக்குள்ள எது சரி?

ஆலந்தூர்_ஸ்போக்:

ஜனவரி கடைசி வாரம் தனியா போறேன். ஈசிஆர்ல மரக்காணம், புதுச்சேரி. அங்கிருந்து திருவண்ணாமலை, ஜவ்வாது மலையில இருக்கற ஜமுனாமரத்தூர், காவலூர். வாணியம்பாடில ரயில் ஏறித் திரும்பறதா பிளான். டிராப் பார் வண்டி (ஹேண்டில் கீழ்ப்பக்கமா வளைஞ்சது), கேரியர் கிடையாது. ஹேண்டில்பார் பை, சீட் பை மட்டும்தான். உயரம் 5 அடி 10. தங்கற சாமான் மொத்தமும் ஒன்றரைக் கிலோவுக்குள்ள அடங்கணும். கடையில பார்த்த ஒரு ஆள் டென்ட் 2.4 கிலோ. பிவி பை (ஆள் உள்ள நுழைஞ்சு படுக்கற, தண்ணி புகாத உறை) 600 கிராம்தான், அதுவே போதுமா? இல்ல டார்ப்பா (கயிறால இழுத்துக் கட்டற கூரைத்துணி), ஹாமக்கா (ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டற தூளி)? ஜனவரில மழை இல்லைன்னு நம்பி மேல எதுவுமே இல்லாம படுக்கலாமா?

கொட்டிவாக்கம்_காத்து:

மழை இல்லேன்னாலும் பனி இருக்கு. தை மாசம் திறந்தவெளில படுத்தா விடியறதுக்குள்ள போர்வை நனைஞ்சிடும். அதனால கூரை கட்டாயம். ஆனா நம்ம ஊர்ல கூரைக்கும் முன்னாடி தேவை கொசுவலை.

பிவியை முதல்ல லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. குளிர் தேசத்துக்கு அது சரி. கடலோரத்துல ஜனவரி ராத்திரியே 20, 21 டிகிரி, காத்துல ஈரம் வேற. பைக்குள்ள வேர்வை வெளிய போக வழியில்லாம துணியில தண்ணியா நிக்கும். வாய்ப்பக்கத்தைத் திறந்தா கொசு.

என் ஓட்டு: டார்ப் தனியா, தரையோட தைச்ச வலைக்கூடு தனியா. காரணம், இந்த ரூட்ல நீங்க நிஜமா படுக்கப்போற இடம் பெட்ரோல் பங்க் ஓரம், கோயில் மண்டபம், யாராவது வீட்டு மொட்டை மாடி. அங்க எல்லாம் சிமென்ட் தரை, ஆணி இறங்காது. மண்டபத்துல கூரை ஏற்கனவே இருக்கு, வலையை மட்டும் தூண்ல கட்டினா போதும். டென்ட் வாங்கினா ரெண்டையும் தினமும் சுமக்கணும், விரிக்கணும்.

எடைக் கணக்கு: 3×3 மீட்டர் சில்நைலான் (சிலிகான் பூசின மெல்லிய நைலான்) டார்ப் 450 கிராம் சுத்து. அதே அளவு 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) சில்பாலின், அதாவது பிளாஸ்டிக் தார்ப்பாய்னா 810 கிராம். பாரிமுனைல தார்ப்பாய்க் கடைகள்ல கிடைக்கும், விலை ரொம்பக் கம்மி, ஆனா மடிச்சா பெருசா நிக்கும். வலைக்கூடு தைக்கக் குடுத்தா நீளம் 2.1 மீட்டர், அகலம் 90 செ.மீ., உச்சி 90 செ.மீ. தரைத்துணி நாலு பக்கமும் 12 செ.மீ. மேல ஏறணும். ஜிப்போட சேர்த்து 350 கிராம் வரும். அகலத்தைக் குறைக்காதீங்க, முழங்கை வலைல பட்டா கொசு வெளியிலேர்ந்தே கடிக்கும். கட்டில் கொசுவலைத் துணியும் வேண்டாம், அந்தக் கண்ணுல மணல் ஈ நுழைஞ்சிடும். நுண்கண் வலைன்னு கேட்டு வாங்குங்க. ஆணி எட்டு 120 கிராம், 2 மி.மீ. கயிறு பன்னிரண்டு மீட்டர். சில்நைலான்னா ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சுது, சில்பாலின்னா 1.3.

டார்ப்புக்குக் கம்பு தேவையில்லை, சைக்கிளே கம்பு. டார்ப்போட முன்வாய்க்குக் குறுக்கா வண்டியை நிறுத்துங்க. பிரேக் லீவரை ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டினா உருளாது. முன் சக்கரத்தை ஃபிரேமோட ஒரு பட்டையால கட்டினா ஹேண்டில் திரும்பாது. டார்ப் உச்சிக் கயிறை ஸ்டெம்ல (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கற நடுத்துண்டு) ரெண்டு சுத்து சுத்தி, மறுபக்கம் ஒரு மீட்டர் தள்ளித் தரையில ஆணிக்கு இறக்குங்க. ரெண்டு பக்கமும் இழுவை இருக்கறதால வண்டி சாயாது. ஒரு சுத்து மட்டும் சுத்தினா கயிறு வழுக்கி, பாதி ராத்திரில வண்டி உங்க மேல. கால்பக்கத்தைத் தரையிலேர்ந்து 40 செ.மீ.ல கட்டுங்க. கடலோரத்துல அந்த மாசம் காத்து பெரும்பாலும் வடகிழக்கு, தாழ்ந்த பக்கம் அங்க பார்த்து இருக்கட்டும்.

3×2 டார்ப் இன்னும் லேசு. ஆனா உச்சி 70 செ.மீ. வெச்சா அடியகலம் 1.4 மீட்டர்தான் வரும். சாரல் அடிச்சா ஒதுங்க இடமே இருக்காது.

தோப்புத்தூக்கம்:

ஹாமக்கை யாரும் கண்டுக்கலையே. தரை சேறோ, கல்லோ, கவலை இல்லாம தூங்கலாம். ஜவ்வாதுல மரத்துக்கும் பஞ்சம் கிடையாது.

ஈசிஆர்ல மட்டும் கவனம். சவுக்குத் தோப்பைப் பார்த்ததும் கட்டணும்னு தோணும். மரமெல்லாம் கைப்பருமன்தான் இருக்கும், வளையும். கயிறு கிடைமட்டத்துலேர்ந்து 30 டிகிரில தொங்கினா 75 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 75 கிலோ இழுவை. விறைப்பா 10 டிகிரில கட்டினா அது 216 கிலோ ஆயிடும். மரம் வளையறதும் துணி கிழியறதும் இதனாலதான். அடிமரம் 15 செ.மீ. குறுக்களவுக்குக் கீழ இருந்தா விட்டுடுங்க. மரத்தைச் சுத்தற பட்டை குறைஞ்சது 2.5 செ.மீ. அகலம் இருக்கட்டும், வெறும் கயிறு மரத்தோட தோலை அறுக்கும். தென்னைமரத்துல கட்டவே கூடாது. காரணம் மேலயே தொங்குது.

காவலூர் 725 மீட்டர் உயரம், ராத்திரி சென்னையைவிட நாலஞ்சு டிகிரி இறங்கும். ஹாமக்ல அடிமுதுகு சில்லிடும், உள்ள ஒரு ஃபோம் பாய் கட்டாயம்.

பேனியர்_பை:

ரெண்டு பேரும் சொல்லாத விஷயம், எங்க படுக்கலாம்ங்கறது. ஜவ்வாதுல நிறைய இடம் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள தங்கறது குற்றம். 2018 மார்ச்ல குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் மலைப்பக்கம் எல்லாமே கெடுபிடி. ஊருக்குள்ள பட்டா நிலம், தோட்டம்னு பார்த்து, பொழுது சாயறதுக்கு முன்னாடியே உரிமையாளர்கிட்ட கேட்டுடுங்க. இருட்டினப்புறம் போய் நின்னா யாரா இருந்தாலும் சந்தேகப்படுவாங்க. சவுக்குத் தோப்புக்கும் சொந்தக்காரர் உண்டு.

கடற்கரை மணல்ல படுக்கற யோசனை இருந்தா, ஜனவரிலேர்ந்து பங்குனி ஆமை முட்டையிட ஏறும். வெள்ளை டார்ச் அடிச்சா கடலுக்கே திரும்பிடும். மணலை விட்டுத் தள்ளியே படுங்க.

தளர்ந்த மணல்ல ஆணி நிக்காது. துணிப்பை நிறைய மணல் ரொப்பி, கயிறு கட்டி, 30 செ.மீ. ஆழத்துல புதைச்சு மிதிங்க. மலையில நேரெதிர்ப் பிரச்சினை, கல்லுல ஆணி வளையும். கயிறு நுனியில சின்னக் கல்லைக் கட்டி, அதுக்கும் கூடாரத்துக்கும் நடுவுல கயிறு மேல பெரிய கல்லை வைங்க. இழுத்தா சின்னது பெருசு மேல மோதி நிக்கும்.

டென்ட்தான்னு முடிவு பண்ணினா கம்புத் துண்டோட நீளம் பாருங்க. பெரும்பாலானது 45 செ.மீ. மடிப்பு, டிராப் பார் நடுவுல நுழையாது. 30 செ.மீ. மடிப்பு வேணும்.

ஆலந்தூர்_ஸ்போக்:

அப்போ டார்ப்பும் வலைக்கூடும். சில்நைலான் துணி வாங்கி தெருமுனை டெய்லர்கிட்ட தைக்கலாம்னு இருக்கேன். நடுத்தையல்ல தண்ணி இறங்குமே, என்ன பண்றது?

கொட்டிவாக்கம்_காத்து:

ஹார்டுவேர் கடையில 100 சதவீத சிலிகான் சீலன்ட், நிறமில்லாதது வாங்குங்க. அக்ரிலிக்னு போட்டிருந்தா வேண்டாம், இந்தத் துணில ஒட்டாது. ஒரு பங்கு சிலிகானுக்கு ரெண்டு பங்கு மினரல் டர்பன்டைன் கலக்கி, மொட்டை மாடில டார்ப்பை இழுத்துக் கட்டிட்டு, தையல்ல பிரஷ்ஷால மெலிசா பூசுங்க. ஒரு நாள் காயட்டும். மேல முகப்பவுடர் தூவித் துடைச்சா மடிக்கறப்போ ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. டெய்லர்கிட்ட பாலியஸ்டர் நூல்னு சொல்லிடுங்க, பருத்தி நூல் மக்கிடும். குண்டூசி குத்தவேண்டாம்னும் சொல்லுங்க, ஒவ்வொரு ஓட்டையும் ஒழுகும். கிளிப் போட்டுத் தைக்கட்டும்.

சில்நைலான் நனைஞ்சா தொய்யும். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாக் கயிறையும் இறுக்கணும். முடிச்சு இழுத்தா நகர்ற மாதிரி இருந்தா வலைக்கு உள்ளேர்ந்தே கை நீட்டி முடிச்சிடலாம். பிற்பாடு பியூ (பாலியூரித்தேன்) பூச்சு டார்ப்போ டென்ட்டோ வாங்கினா ஈரத்தோட சுருட்டி அலமாரில போட்டுடாதீங்க. நம்ம ஊர் புழுக்கத்துல பூச்சு பிசுபிசுன்னு உரிய ஆரம்பிச்சிடும், நாத்தம் வேற. அதுக்கு சிலிகானும் ஒட்டாது, பியூ சீலர்தான் வாங்கணும்.