4 பார் செப்புக் கொதிகலன்: மறுசோதனை எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

கேள்வி:
ரயில் எஞ்சின் மாதிரிக்கான சிறிய செப்புக் கொதிகலன் ஒன்று என்னிடம் உள்ளது. இணைப்புகள் அனைத்தும் வெள்ளிப் பற்றாசு. இயக்க அழுத்தம் 4 பார். கட்டி முடித்தபோது 8 பாரில் நீரழுத்தச் சோதனை செய்த சான்று இருக்கிறது. அதன்பின் 6 ஆண்டுகளாக அது அலமாரியில்தான் கிடந்தது. நெருப்பு மூட்டுவதற்கு முன் மீண்டும் 8 பாருக்கு ஏற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். அதற்குக் கம்ப்ரசரைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். நீர் ஏறக்குறைய அமுங்காது என்பதால், இணைப்பு விட்டுப்போனாலும் சிறிது நீர் கசிந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும். அதே அழுத்தத்தில் காற்று ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றலைத் தேக்கி வைத்திருப்பதால், தகடு பிளந்தால் துண்டுகள் பறக்கும். டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நீர், எரிபொருள் வண்டியில்) உள்ள கைப்பம்பே இதற்குப் போதும். நீர் நிரப்பும்போது உச்சியிலுள்ள புஷ்ஷைத் (குழாய், மானி போன்றவற்றைப் பொருத்தும் மரைத்துளையை) திறந்து வைத்து, குமிழி வருவது முற்றிலும் நின்றபின் அடையுங்கள்.

மறுமொழி 2:
8 பாரும் வேண்டாம். இரு மடங்கு அழுத்தம் புதிய கொதிகலனுக்கு மட்டுமே உரியது. மறுசோதனைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது உங்களுக்கு 6 பார், என்பதே வழக்கம். பற்றாசு வைக்கும் சூட்டில் செப்பு இளகி மென்மையாகிவிடுவதால், தேவையின்றி மிகையழுத்தம் கொடுப்பது சமதளத் தகடுகளை வீணாக வருத்தும். பிரிட்டனின் மாதிரி எஞ்சின் சங்கங்களின் நடைமுறையில் செப்புக் கொதிகலனுக்கு 4 ஆண்டுக்கு ஒருமுறையும், உள்ளிருந்து துருப்பிடிக்கும் எஃகுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் நீரழுத்தச் சோதனை நடக்கிறது. உங்களுடையது அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது.

அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சோதனையாகாது. நெருப்பறையின் பக்கத் தகட்டில் எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, அழுத்தத்திற்கு முன்பும், அழுத்தத்தின்போதும், இறக்கிய பின்பும் இடைவெளியை ஒப்பிடுங்கள். இறக்கிய பின் தகடு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், ஒரு துளி கசியாதிருந்தாலும் அந்தக் கொதிகலனை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 3:
மேலே சொன்னது குளிர்ந்த நிலையில் செய்வது. 4 பாரில் நீராவி ஏறத்தாழ 152 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டில் பாதுகாப்பு வால்வு எப்படி நடந்துகொள்கிறது என்பதை நீரழுத்தச் சோதனை காட்டாது. அதனால்தான் நீராவிச் சோதனையை ஆண்டுதோறும் தனியாகச் செய்கிறோம். நெருப்பை முழுவதும் எரியவிட்டு, புளோயரைத் (புகைபோக்கியில் நீராவியைப் பீய்ச்சி நெருப்பைத் தூண்டும் குழாயை) திறந்து, எஞ்சினுக்குப் போகும் வால்வை மூடிய நிலையில், அழுத்தம் 4.4 பாரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வால்வு சிறியது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர்மட்டக் கண்ணாடியின் இரு வழிகளையும் அன்றே நீராவியால் ஊதவிட்டுப் பார்த்துவிடுங்கள். அடைபட்ட கண்ணாடி இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கைப்பம்பில் 6 பார் ஏற்றினேன், தகடு அசையவில்லை. நீர்மட்டக் கண்ணாடியின் கீழ்ப் புஷ்ஷில் மட்டும் மெல்லிய ஈரம் தெரிந்தது. மரையை மீண்டும் அடைத்தபின் நின்றது. ஆனால் சோதனைமானி 4 காட்டியபோது கொதிகலனின் சொந்த மானி 3.4தான் காட்டியது. சுழியத்தில் முள் ஒரு முளையில் சாய்ந்து நிற்பதால் இந்தப் பிழை இதுவரை தெரியவில்லை.

மறுமொழி 3:
அந்த மானியை நம்பிப் பாதுகாப்பு வால்வை 4 பாருக்கு அமைத்திருந்தால் 4.6 பாருக்குமேல்தான் திறந்திருக்கும். மானியை மாற்றிவிட்டு நீராவிச் சோதனைக்குப் போங்கள்.