சிங்கடோக்கா மணல்மேட்டில் நான் எடுத்த பானை ஓடு

தொல்லியல் படித்தபோது களப்பயிற்சிக்கு ஃபிஜி போயிருந்தேன். விட்டி லெவு தீவில் சிங்கடோக்கா ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிய மணல்மேடுகள் இருக்கின்றன, சில 60 மீட்டர் உயரம் வரை. ஃபிஜியின் முதல் தேசியப் பூங்கா அதுதான்.

போனதும் முதல் வேலை பக்கத்து ஊரில் செவுசெவு. யங்கோனா என்பது காவா செடி; அதன் வேரைக் கரைத்துக் குடிப்பார்கள். அந்த வேர்க்கட்டையை ஊர்ப் பெரியவர் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஊருக்குள் போகக் கூடாது. சிரட்டையில் யங்கோனா கொடுத்தார்கள். ஒருதரம் கைதட்டி, ‘புலா’ சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்றுதரம் கைதட்டினேன். நாக்கு கொஞ்ச நேரம் மரத்துக் கிடந்தது. 1980களில் அந்த மணலுக்குள்ளிருந்து 50க்கும் மேற்பட்ட புதைகுழிகள் வெளிப்பட்டிருக்கின்றன. முன்னோர் படுத்திருக்கும் இடத்தில் கேட்காமல் கால் வைப்பது தப்பு என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

ஆனால் மறுநாளே நான் வேறொரு தவறைச் செய்தேன். காற்று மணலைத் தள்ளித் தள்ளிப் பழைய தரையை வெளிக்காட்டியிருந்தது. காலடியில் ஒரு பானை ஓடு, மேலே சீப்பின் பல்லால் குத்தியது மாதிரி வரிவரியாகப் புள்ளிகள். லாப்பிட்டா! ஃபிஜியில் முதன்முதலில் குடியேறியவர்களின் பானை வகை அது. கிட்டத்தட்ட 2,600 ஆண்டுப் பழசு. சட்டென்று எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எங்கே கிடந்தது?” திரும்பிப் பார்த்தேன். காற்று என் காலடித் தடத்தையே மூடிக்கொண்டிருந்தது. உத்தேசமாகக் கை காட்டினேன், பத்து மீட்டர் இப்படியோ அப்படியோ.

அவர் திட்டவில்லை. பையின் மேல் ‘இடம் தெரியாது’ என்று என்னையே எழுதச் சொன்னார். அந்த மேட்டில் வெவ்வேறு காலத்து மக்கள் வாழ்ந்த பழைய தரைகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எந்தத் தரையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் ஓடு அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் நகம்புட்டா ஊருக்குப் போனோம். அங்கே பெண்கள் இன்னும் சக்கரமில்லாமல் பானை செய்கிறார்கள். உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்குகிறார்கள். மானாமதுரையில் கடம் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதாக இருக்காது. திறந்த வெளியில் சுட்டு, சூடு ஆறுமுன் மக்கந்த்ரே என்ற மரப்பிசினைத் தேய்க்கிறார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துப் பானைக்குள் விட்டார். கல் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள்.

பயிற்சியின் கடைசி வாரம் மணல்மேட்டில் இன்னொரு ஓடு கண்ணில் பட்டது, அலங்காரம் எதுவுமில்லாத சாதாரண ஓடு. தொடவில்லை. பக்கத்தில் கொடி நட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அளவுக்கருவி வர முக்கால் மணி நேரம் ஆனது. இடத்தைக் குறித்து, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றிய பிறகு ஆசிரியர் “இப்போ எடு” என்றார். திருப்பினேன். உட்பக்கம் அதே குழி, என் கட்டைவிரல் அதில் பதிந்து உட்கார்ந்தது.