கண் அழுத்த மாத்திரை சாப்பிட்டால் சோடா ஏன் சப்பென்று இருக்கிறது?

மோல்மேன் மகள்:
அம்மாவுக்குக் கண் அழுத்தம் ஏறிவிட்டது என்று ரங்கூனுக்குக் கூட்டி வந்து காட்டினோம். சொட்டு மருந்தோடு அசிட்டசோலமைடு 250 மில்லிகிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். நாலு நாளாக விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். அடிக்கடி சிறுநீர் வேறு. நேற்று காளி கோயிலிலிருந்து வரும்போது வெயிலுக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கேஸ் போன சோடா, மாற்றிக் கேள்" என்றார். நான் குடித்தால் சுர்ரென்று ஏறுகிறது! கண் மருந்து நாக்கில் என்ன செய்கிறது? மாத்திரையை நிறுத்திவிடலாமா? பயமாக இருக்கிறது.

மருந்துக்கடை அண்ணன்:
தங்கச்சி, நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் திரும்ப ஏறி நரம்பு கெட்டால், போன பார்வை வராது.

கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி உடம்பில் பல இடத்தில் இருக்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமும் பைகார்பனேட்டும் ஆக்குவது அதன் வேலை. அதில் வேகமான வகை நொடிக்குச் சுமார் பத்து லட்சம் மூலக்கூறுகளை மாற்றிவிடும்! நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு. மாத்திரை அதில் போய் ஒட்டிக்கொள்ளும், வேலை நின்றுவிடும். கண்ணுக்குள் நீர் ஊற அந்தப் பைகார்பனேட் வேண்டும். அது குறைந்தால் ஊற்றும் குறையும், அழுத்தம் இறங்கும்.

ஆனால் மாத்திரை ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகிறதே. சிறுநீரகத்தில் பைகார்பனேட்டை மீட்டு எடுப்பதும் இதே நொதிதான். அது முடங்கியதும் பைகார்பனேட் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடும். ரத்தம் கொஞ்சம் அமிலப் பக்கம் சாயும். விரல் மதமதப்பு இந்த மாத்திரையில் நிறைய பேருக்கு வருவதுதான்.

சோடாவின் சுர் குமிழியால் மட்டும் வருவதில்லை. நாக்கில் இருக்கும் இதே நொதி வாயுவை அமிலமாக்குகிறது, அதுதான் ஏறுகிறது. அம்மா நாக்கில் இப்போது அந்த வேலை நடக்கவில்லை. சோடாவைக் குறை சொல்ல வேண்டாம்.

பெகு அக்கா:
எனக்கு டோர்சோலமைடு சொட்டு மருந்து, இதே குடும்பம்தான். விட்டதும் தொண்டையில் கசக்கும். மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கசப்பு குறைகிறது. இந்த மாத்திரையும் சல்பா வகையைச் சேர்ந்ததுதான். அம்மாவுக்கு சல்பா மருந்து ஒத்துக்கொள்ளுமா, சிறுநீரகக் கல் உண்டா என்று கேட்டார்களா? கட்டாயம் சொல்லுங்கள்.

மோல்மேன் மகள்:
அக்கா, முன்னே ஒருமுறை சல்பா மாத்திரையில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது. டாக்டரிடம் சொல்லவே இல்லை. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.

மருந்துக்கடை அண்ணன்:
இப்போதே கேளுங்கள். தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் போனுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.