ஊரிசு கல்லூரிப் பெயரும் 1660 கப்பலும்

பாலாறு: வேலூர் ஊரிசு கல்லூரிக்குப் பெயர் தந்தவர்கள் நியூஜெர்சியின் வூர்ஹீஸ் தம்பதி. அந்த டச்சுக் குடும்பப் பெயரைப் பின்னோக்கித் தேடினால் 1680க்கு முன்னால் பிடி கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது?

சத்துவாச்சாரி: குடும்பப் பெயரை விடுங்க, அப்பா பெயரைப் பிடிங்க. நம்ம இனிஷியல் கணக்குதான். 1660-ல் நெதர்லாந்தின் ட்ரென்டே பகுதியிலிருந்து ‘போன்டே கூ’ கப்பலில் வந்தவர் ஸ்டீவன் கூர்ட்டே, அதாவது கூர்ட் மகன். இன்றைய நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ஃபிளாட்லேண்ட்ஸில் குடியேறினார். பிள்ளைகள் பதிவேட்டில் லூக்காஸ் ஸ்டீவன்ஸே என்கிற மாதிரி இருப்பார்கள். 1664-ல் அந்த டச்சுக் காலனி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் குடும்பப் பெயர் மெல்ல நிலைத்தது. 1687 கிங்ஸ் கவுண்டி (இன்றைய புரூக்ளின்) விசுவாசப் பிரமாணப் பட்டியலை, அதாவது ஆங்கிலேய அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி எடுத்தவர்கள் பட்டியலை, முதலில் பாருங்க. வந்து எத்தனை வருஷம் என்றே குறித்திருக்கும்.

குடியாத்தம்: ஞானஸ்நானப் பதிவில் சாட்சிகள் வரியைத் தாண்டிப் போயிடாதீங்க அண்ணே. பெரும்பாலும் தாத்தா, பாட்டி, மாமா, அத்தைதான். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும், அது பெரிய லாபம். ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததுக்கும் அதே பெயர் வைப்பார்கள். ரெண்டையும் ஒரே ஆளாக்கினால் வயசுக் கணக்கே கெட்டுவிடும். அப்போது ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25 என்பதால், 1752க்கு முந்தைய ஆங்கிலேயர் ஆவணங்களில் ஜனவரி முதல் மார்ச் 24 வரை வருஷம் ஒன்று குறைந்திருக்கலாம்.

பாலாறு: அங்கிருந்து கெண்டக்கி போன டச்சுக்காரர்களை எப்படித் தேடுவது?

சத்துவாச்சாரி: அவர்கள் போன வழி: நியூஜெர்சியின் ராரிட்டன் பள்ளத்தாக்கு, அப்புறம் பென்சில்வேனியா கோனவாகோ, 1780 வாக்கில் கெண்டக்கியின் ஹாரட்ஸ்பர்க் பக்கம். அங்கே ஆரம்பத்தில் நிலையான போதகர் இல்லை, சர்ச் பதிவை நம்பாதீங்க. நிலப் பத்திரம், உயில்தான் கதி.