சத்திரம், கள்ளுக்கடை, கொட்டகை: வட ஆற்காட்டுச் சாலையோர அனுபவங்கள்

குடியாத்தம் வட்டத்திலிருந்து ஓர் அன்பர்:

என் தாய்மாமன் 1970களில் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸ் (இடம் மாறி இடம் போடும் சினிமாக் கொட்டகை) ஒன்றில் ஆபரேட்டராக இருந்தார் என்பதால், படம் ஓடும் அறைக்குள் நுழையும் உரிமை எனக்குச் சிறு வயதிலேயே கிடைத்துவிட்டது. அங்கே இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். 2,000 அடி நீளமுள்ள ஒரு ரீல் ஏறக்குறைய 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதைக் கழற்றி அடுத்த ரீலை மாட்டும் வரை விளக்கு எரியும், முறுக்குக்காரர் தட்டுடன் உள்ளே வருவார். இடைவேளை என்பது எங்கள் கொட்டகையில் ஒன்றல்ல, பல. திரைக்கு வெளிச்சம் தந்தது இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் மின்வில். குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றின் இடைவெளியைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மாமன் ஒரு பீடி பற்றவைக்கத் திரும்பினாலும் கதாநாயகனின் முகம் மங்கிப்போகும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். செம்புப் பூச்சுள்ள அந்தக் குச்சித் துண்டுகளைப் பொறுக்குவதில் பிள்ளைகளுக்குள் பெரும் போட்டியே நடந்தது.

தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள் இருந்தன. தரையில் முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து உயரமாக உட்காருவார். பின்னால் இருப்பவர் அதைக் காலால் கலைப்பார். மாலைக் காட்சியின் முதல் சண்டை திரையில் அல்ல, அங்கேதான் தொடங்கும். ஒலிபெருக்கியில் வழக்கமான பக்திப் பாட்டு முடியப் போகிறது என்றால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று பொருள்; வயல் வரப்பில் வருகிறவர்கள் அதைக் கேட்டதும் ஓட்டமெடுப்பார்கள். 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் இத்தகைய கொட்டகைகளுக்குக் குறுகிய காலத்துக்கே உரிமம் கிடைத்தது. சந்தை நாட்களில் கூட்டம் இரட்டிப்பாகும் என்பதால், கொட்டகைக்காரர்கள் இடம் தேடும்போது முதலில் பார்த்தது சந்தைத் தோப்பைத்தான். சந்தைக்கு வந்தவர்கள் அதற்கு முந்தைய காலத்தில் இரவை எங்கே கழித்தார்கள் என்பதை மூத்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

வாலாஜாப்பேட்டைப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

தம்பியின் கேள்விக்கு என் பாட்டனார் சொல்லக் கேட்டதிலிருந்து பதில் தருகிறேன். சத்திரத்தில் படுப்பார்கள், சத்திரத்துக்குப் போக முடியாதவர்களும் போக விரும்பாதவர்களும் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்குவார்கள். சென்னையிலிருந்து மேற்கே மலைக்கணவாய் ஏறிப் போகும் பாதையில் வாலாஜாப்பேட்டை பெரிய வணிகத் தங்கலாக இருந்தது. வண்டிமாடுகளை அவிழ்த்துவிட மரநிழல், ஒரு கிணறு, ஒரு திண்ணை என்பதே அக்காலப் பயணியின் தேவை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து முதல் இரயில் வாலாஜா ரோடு வரை வந்தது. நிலையமோ ஊரைத் தொடாமல் சில கல் தள்ளி அமைந்தது. பொதிமாடுகள் சுமந்த சரக்கு இரயிலேறத் தொடங்கியதும், நாள் கணக்கில் நடந்து வந்தவர்கள் ஒரே பகலில் ஊரைக் கடந்து போனார்கள். சத்திரத்துக்கு ஆள் குறைந்தது. எங்கள் சத்திரங்களைச் சாய்த்தது இரயில்தான் என்று பாட்டனார் சொல்வதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால், தருமத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பல சத்திரங்களில் உள்ளே படுப்பதற்கும் பந்தியில் உட்காருவதற்கும் சாதி பார்த்தார்கள். கள்ளுக்கடை வாசலிலும் முழுச் சமத்துவம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்; காசு கொடுத்தவனுக்கு மொந்தை கிடைத்தது என்பது மட்டும் உண்மை.

இனி 1939ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். இராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை மறு ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939 அக்டோபரில் வட ஆற்காட்டுக்கும் விரித்தது. அதே மாதக் கடைசியில் அமைச்சரவையே பதவி விலகியது தனிக்கதை. கள்ளு, சாராயக் குத்தகையில் வந்துகொண்டிருந்த வருவாயை இழந்த அரசு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பொது விற்பனை வரிச் சட்டமும் கேளிக்கை வரிச் சட்டமும் அந்த 1939ஆம் ஆண்டிலேயே பிறந்தன. ஆக, மொந்தையில் வசூலான காசின் ஒரு பங்கு சினிமா டிக்கெட்டுக்கு இடம் மாறியது என்று நான் கருதுகிறேன். குடியாத்தத்துத் தம்பி மணலில் உட்கார்ந்து பார்த்த படத்துக்குக் கொடுத்த சில்லறையிலும் அந்த வரி சேர்ந்திருக்கும்.

கடை மூடியதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. சனிக்கிழமைக் கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்ததென்று பாட்டி கடைசி வரை இராஜாஜியைக் கும்பிட்டார். பனை ஏறிப் பிழைத்தவர்கள் பாளையோடு தங்கள் பிழைப்பையும் அறுத்துக்கொண்டு போனதைப் பாட்டனார் சொல்லிக்கொண்டே இருப்பார். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்து, 1971இல் விலகி, 1974க்குள் திரும்பி, 1981இல் மறுபடியும் விலகி, கள்ளும் சாராயமும் 1987இல் மீண்டும் தடையான கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தடை இருந்த காலங்களில் ஜவ்வாது மலைச் சரிவுகளில் என்ன காய்ச்சப்பட்டது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

வேலூரிலிருந்து ஓர் அன்பர்:

ஐயா சொன்ன சத்திரம் முற்றாக அழிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அது கோட்டைக்கு எதிர்ப்புறம், சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் லாட்ஜாக நிற்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். பாபுராவ் தெருப் பக்கம் வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காணலாம். நான் அப்படிப்பட்ட லாட்ஜ் ஒன்றில் சில காலம் கணக்கு எழுதினேன். அறை கேட்பவர்கள் கட்டில் எப்படி என்று கேட்பதற்கு முன் சமைக்க இடமுண்டா என்றுதான் கேட்பார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவதே தனித் தொழில். தருமம் போய்த் தினவாடகை வந்திருக்கிறது. ஆனால் சாதி கேட்பதில்லை, ஆதார் அட்டை கேட்கிறோம்.

கொட்டகைகளுக்கு அந்த மறுபிறப்பு வாய்க்கவில்லை. நேஷனல் தியேட்டர், ராஜா தியேட்டர் என்று பேருந்து நடத்துநர்கள் இன்றும் கூவுவதைக் கேட்டு, பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை வந்து திரும்பும் வெளியூர் வியாபாரி ஒருவர், இராத்திரி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எங்கள் லாட்ஜ் மேசையில் விசாரித்தார். அவருக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வழி சொல்லி, அறையில் டி.வி. இருக்கிறது என்றேன்.